அரசுத் திட்டம் என்று சொல்லி வீட்டின் மீது கடனை ஏற்றுகிறார்கள்: பேஸ் குறித்து ஓர் எச்சரிக்கை

கலிஃபோர்னியாவில் சொந்த வீடு வைத்திருப்பவர்கள், குறிப்பாக வயதான பெற்றோர் தனியே வசிக்கும் வீடு இங்கே உள்ளவர்கள், இதைப் பொறுமையாகப் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். சோலார் தகடு, செயற்கைப் புல்தரை, சொட்டுநீர்க் குழாய், புதிய ஜன்னல், ஏசி என்று எதையாவது காட்டி, "கையிலிருந்து ஒரு காசும் போட வேண்டாம், சொத்து வரியோடு சேர்த்துக் கட்டிக்கொள்ளலாம், அரசுத் திட்டம்" என்று வாசலில் வந்து சொல்பவர் பேஸ் (PACE) என்ற கடனை விற்க வந்தவராக இருக்கக்கூடும். அந்தக் கடனுக்கு ஈடு உங்கள் வீடு. அதுவும் வீட்டுக்கடன் கொடுத்த வங்கியின் உரிமைக்கும் முன்னால் நிற்கும் ஈடு.

திட்டத்தின் நோக்கத்தில் பழுதில்லை. மின்சாரத்தை மிச்சப்படுத்தும் வேலைகளுக்கு உள்ளாட்சி அமைப்புகள் பணம் ஏற்பாடு செய்து, அதை அந்த வீட்டின் மீது சிறப்பு மதிப்பீடாக, அதாவது அந்த வீட்டுக்கு மட்டும் விதிக்கும் தனிக் கட்டணமாக ஏற்றி, ஆண்டுதோறும் சொத்து வரி பில்லில் வசூலித்துக்கொள்ள 2008-இல் மாநிலச் சட்டம் வழி செய்தது; தண்ணீரைச் சிக்கனப்படுத்தும் வேலைகள் அடுத்த ஆண்டு சேர்க்கப்பட்டன. நடைமுறையில் பணத்தைக் கொடுப்பதும் திட்டத்தை நடத்துவதும் தனியார் நிறுவனங்கள். வீடு வீடாகச் சென்று ஆள் பிடிப்பது கான்ட்ராக்டர்கள். கவுண்டி (மாவட்ட) அலுவலகம் செய்வது வசூல் மட்டும். எங்கு போய் முறையிட்டாலும் "அது எங்கள் பொறுப்பல்ல" என்ற பதில் கிடைப்பதற்கு இந்த ஏற்பாடே காரணம்.

தெற்குக் கலிஃபோர்னியாவின் உட்பகுதியில் என் பெற்றோருக்கு ஒரு வீடு இருந்தது. 2021 கோடையில் வறட்சி கடுமையாகி, தண்ணீர்ப் பயன்பாட்டை 15 விழுக்காடு தாமாகவே குறைத்துக்கொள்ளும்படி ஆளுநர் மக்களைக் கேட்டுக்கொண்டிருந்த நேரம். முன்புறப் புல்வெளி காய்ந்து கிடந்த அந்த வீட்டு வாசலில், கழுத்தில் அடையாள அட்டையும் கையில் டேப்லெட்டுமாக ஒருவர் வந்து நின்று, புல்லை எடுத்துவிட்டுச் செயற்கைப் புல்தரை போட்டு, பின்புறச் செடிகளுக்குச் சொட்டுநீர்க் குழாய் அமைத்துத் தருவதாகவும், வறட்சிக்காக அரசே செலவை ஏற்பதாகவும் கூறினார். புல்வெளியை அகற்றுவோருக்குத் தண்ணீர் வாரியங்கள் மானியம் தந்துகொண்டிருந்தது உண்மைதான். ஆனால் அந்தப் பகுதியில் செயற்கைப் புல் போடுவோருக்கு அந்த மானியம் கிடையாது. உண்மையான ஒரு திட்டத்தின் பெயரைச் சொல்லி இன்னொன்றை அப்பாவின் தலையில் கட்டினார்.

ஒப்பந்தத் தொகை 28,000 டாலர். கையெழுத்து டேப்லெட் திரையில், விரலால். ஒப்பந்த நகல் எந்த மின்னஞ்சலுக்குப் போக வேண்டும் என்ற கட்டத்தில், அப்பாவைக் கேட்காமலேயே, அவருடைய பெயருக்குப் பின்னால் நான்கு எண்களைச் சேர்த்துப் புதிதாக ஒரு முகவரியை அந்த நபரே உருவாக்கி இட்டிருக்கிறார். அப்பாவுக்குப் பல ஆண்டுகளாகச் சொந்த மின்னஞ்சல் உண்டு. அதில் ஒரு தாளும் வரவில்லை. கடனின் வட்டி, ஆண்டுத் தவணை, வீட்டின் மீதான உரிமைப் பதிவு, ஒப்பந்தத்தை ரத்து செய்யும் உரிமை ஆகிய அனைத்தும் யாரும் திறக்காத அந்தப் பெட்டியில் போய் விழுந்தன. 65 வயது நிறைந்தவர்களுக்கு ரத்து செய்ய ஐந்து வேலை நாள் அவகாசம் அந்த ஆண்டு தொடக்கத்திலிருந்து சட்டப்படி உண்டு (மற்றவர்களுக்கு மூன்று நாள்). அப்படியோர் உரிமை இருப்பதே தெரியாத நிலையில் அவகாசம் கழிந்தது.

கடன் கொடுக்கும் முன்பு நிறுவனம் வீட்டுக்காரரைத் தொலைபேசியில் அழைத்து நிபந்தனைகளை விளக்கி, அந்த உரையாடலைப் பதிவு செய்ய வேண்டும் என்பது 2017-இல் வந்த சட்டம். அந்த அழைப்பும் வந்தது. விற்பனையாளர் சாப்பாட்டு மேசைக்கு எதிரில் உட்கார்ந்து, ஸ்பீக்கரில் ஒவ்வொரு கேள்விக்கும் "யெஸ் சொல்லுங்கள் சார், இது வெறும் சடங்கு" என்று தலையசைத்துக்கொண்டே இருந்ததாக அம்மா சொல்கிறார். பிற்பாடு நாங்கள் புகார் செய்தபோது, உங்கள் தந்தை அனைத்துக்கும் சம்மதித்த குரல் பதிவு எங்களிடம் இருக்கிறது என்றுதான் அந்த நிறுவனம் பதில் எழுதியது.

இதைவிட மோசமானது வேலை முடிந்ததற்கான சான்று. அதில் வீட்டுக்காரர் கையெழுத்திட்டால்தான் கான்ட்ராக்டருக்குப் பணம் போய்ச் சேரும். முன்புறம் புல் விரித்து முடித்த அன்று, பின்புறக் குழாய்கள் சுருள் சுருளாக வேலியோரம் கிடக்கும்போதே, "நாளைக்கு வேறு ஆட்கள் வந்து இணைப்பார்கள்" என்று சொல்லி அதையும் டேப்லெட்டில் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த நாளை வரவே இல்லை.

அந்த ஆண்டு வரிப் பட்டியலுக்கான கெடு முடிந்துவிட்டதால் முதல் பில் 2022 அக்டோபரில்தான் வந்தது. அதுவரையிலான வட்டியும் பதிவுக் கட்டணங்களும் அசலோடு சேர்ந்து கடன் ஏறக்குறைய 31,000 டாலராகியிருந்தது. 8 விழுக்காடு வட்டியில், 20 ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 3,150 டாலர். கூட்டிப் பார்த்தால் 63,000 டாலர், கொஞ்சம் புல்லுக்கும் இணைக்கப்படாத குழாய்க்கும். பெற்றோரின் சொத்து வரி, மாதத் தவணையோடு சேர்த்து வரிப் பணத்தையும் வாங்கி வைக்கும் எஸ்க்ரோ கணக்கிலிருந்து போவதால், வீட்டுக்கடன் நிறுவனம் கூடுதல் தொகையைத் தன் கையிலிருந்து கட்டிவிட்டு, அந்தப் பற்றாக்குறையையும் வரும் ஆண்டின் வரியையும் சேர்த்து மாதத் தவணையை 500 டாலருக்கு மேல் ஏற்றியது. அந்தக் கடிதத்தைப் பார்த்துத்தான் எங்களுக்கு விஷயமே தெரிந்தது. இந்தத் தொகையை மட்டும் நிறுத்திவைத்து மீதி வரியைக் கட்டவும் முடியாது. சாதாரண வரி நிலுவை என்றால் குடியிருப்பு வீட்டை ஏலம் விட ஐந்து ஆண்டுகளாவது ஆகும். பேஸ் நிலுவைக்கு அவ்வளவு காலம் காத்திராமல் நீதிமன்றத்தின் வழியே வீட்டை விற்க வழக்குப் போடலாம்.

"வீட்டை விற்றால் மீதியை வாங்குபவர் கட்டிக்கொள்வார்" என்பது அந்த விற்பனையாளர் கொடுத்த இன்னொரு வாக்கு. தாளில் அது முழுப் பொய்யல்ல. ஆனால் வீட்டுக்கடனுக்கு முன்னால் இப்படியோர் உரிமை நிற்கும் வீடுகளின் கடன்களை, வங்கிகளிடமிருந்து வீட்டுக்கடன்களை வாங்கும் பெரிய நிறுவனங்களான ஃபேனி மேயும் ஃப்ரெடி மேக்கும் வாங்குவதில்லை என்று அவற்றின் கண்காணிப்பு அமைப்பு 2010-லேயே அறிவித்துவிட்டது. வீட்டுக்கடன்களுக்கு மத்திய அரசு தரும் எஃப்ஹெச்ஏ காப்புறுதியும் 2018 முதல் இத்தகைய வீடுகளுக்குக் கிடையாது. மறு ஆண்டு பெற்றோர் எங்களோடு வந்து தங்குவதற்காக வீட்டை விற்க முயன்றபோது வந்தவர் எஃப்ஹெச்ஏ கடனில் வாங்குபவர். பேஸ் பாக்கி முழுவதையும் விற்ற பணத்திலிருந்து அப்பாவே அடைத்த பிறகுதான் பத்திரம் முடிந்தது.

புகார்களைப் பொறுத்தவரை, மாநிலக் கான்ட்ராக்டர் உரிம வாரியத்துக்கு எழுதிய பிறகு குழாய்களை இணைக்க ஆள் அனுப்பினார்கள்; கடனில் ஒரு டாலரும் குறையவில்லை. நிதிப் பாதுகாப்புத் துறையான டிஎஃப்பிஐ-க்கும் எழுதினோம். எங்களுடையது தனித்த கதையுமல்ல: லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி குடியிருப்பு வீடுகளுக்கான தன் பேஸ் திட்டத்தை நுகர்வோர் பாதுகாப்புப் போதவில்லை என்று 2020-இல் மூடியது, மத்திய அரசின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷனும் கலிஃபோர்னியா மாநிலமும் 2022-இல் இத்துறையின் ஒரு பெரிய நிறுவனத்தின் மீது, வீட்டின் மீது ஏறும் உரிமையைப் பற்றி மக்களை ஏமாற்றியதாக நடவடிக்கை எடுத்தன.

வாசலில் வருபவரிடம் திரையில் கையெழுத்திடாமல், தாளில் ஒப்பந்தம் வேண்டுமென்று கேளுங்கள். தரத் தயங்கினால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். கான்ட்ராக்டரின் உரிம எண்ணையும் விற்பனையாளரின் பதிவையும் உரிம வாரியத்தின் இணையதளத்தில் பார்க்கலாம். தொலைபேசி அழைப்பு வரும்போது விற்பனையாளரை வெளியே நிற்கச் சொல்லுங்கள். எல்லா வேலையும் முடிந்து, தண்ணீர் சொட்டுவதைக் கண்ணால் பார்க்கும் வரை முடிவுச் சான்றில் கையெழுத்து வேண்டாம். பெற்றோரின் வரி பில் அக்டோபரில் வந்ததும், வீட்டு மதிப்பின்படி வரும் வரிக்குக் கீழே தனியாக அச்சிட்டிருக்கும் கட்டணங்களை ஒவ்வொன்றாகப் படியுங்கள். புரியாத பெயர் ஏதேனும் இருந்தால் அதன் பக்கத்திலேயே ஒரு தொலைபேசி எண் இருக்கும். அதில் அழைத்து ஒப்பந்த நகலைக் கேளுங்கள். அப்பா விரலால் போட்ட கையெழுத்தையும், அவருக்கே தெரியாத அந்த மின்னஞ்சல் முகவரியையும் நாங்கள் முதன்முதலில் பார்த்தது அப்படி வரவழைத்த நகலில்தான்.