அளவு தாண்டும் நாளில் எந்த ஹோஸ்டிங் என்ன செய்யும்?

ஹோஸ்டிங், அதாவது இணையதளத்துக்குச் சர்வரில் வாடகை இடம், விற்கிறவர்களின் விலைப்பட்டியல்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. இத்தனை ஜிபி இடம், இத்தனை ஜிபி ரேம், மாதம் இவ்வளவு ரூபாய். நடுவில் இருக்கும் திட்டத்துக்கு மட்டும் வண்ணம் பூசி, பெரும்பாலானோர் வாங்குவது இதுதான் என்று ஒரு பட்டையும் ஒட்டியிருப்பார்கள். வாங்கிய அளவை நம் தளம் தாண்டுகிற நாளில் என்ன ஆகும் என்பது மட்டும் அதில் இருக்காது. பல தளங்கள் ஒரே சர்வரைப் பகிரும் ஷேர்டு ஹோஸ்டிங் கதவைச் சாத்திவிடும். சர்வரின் ஒரு பங்கை நமக்கே ஒதுக்கும் விபிஎஸ் திணறும். பயன்படுத்திய அளவுக்குக் காசு வாங்கும் கிளவுட் தாங்கிக்கொண்டு பில் அனுப்பும். எனக்கு விலையைவிட இந்தக் குணம்தான் முக்கியம்.

பேச வசதியாக ஒரு தளத்தை வைத்துக்கொள்வோம். ஒரு சிறு பதிப்பகத்தின் விற்பனைத் தளம். தளத்தை நடத்தும் மென்பொருள் வேர்ட்பிரஸ், அதன்மேல் கடை வைக்க வூகாமர்ஸ். முந்நூறு சொச்சம் புத்தகங்கள். ஆண்டின் பெரும்பகுதி நாளுக்குச் சில நூறு பேர் எட்டிப்பார்ப்பார்கள். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி நடக்கும்போது, பெயர் பெற்ற ஒருவர் ஃபேஸ்புக்கில் ஒரு நூலைப் புகழ்ந்துவிட்டால் அரை மணி நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் ஒரே பக்கத்தில் வந்து குவிவார்கள்.

ஷேர்டு ஹோஸ்டிங்கை மேன்ஷன் அறை என்றும் விபிஎஸ்ஸைத் தனி ஃபிளாட் என்றும் விளக்குவது வழக்கம். தவறில்லை, ஆனால் அறைக்குள் எத்தனை பேர் வரலாம் என்பதற்குக் காவலாளி வைத்திருப்பதை அந்த உவமை சொல்வதில்லை. பல ஷேர்டு சர்வர்களில் கிளவுட்லினக்ஸ் என்ற இயங்குதளம் ஓடுகிறது. ஒரு கணக்குக்கு ஒரே நேரத்தில் இத்தனை பிஎச்பி (பக்கத்தை உருவாக்கும் நிரல்மொழி) வேலைகள்தான் என்று அது வரம்பு கட்டும்; இயல்பான வரம்பு 20. ஒரு பக்கத்தை உருவாக்க ஒரு நொடி ஆகும் தளமென்றால், நொடிக்கு 20 பக்கம். இருபத்தோராவது ஆளுக்கு 508 என்ற எண்ணோடு பிழைப் பக்கம் போகும். 'அன்லிமிடெட்' என்ற விளம்பரம் வட்டு இடத்தைப் பற்றியது. இந்த வரம்பைப் பற்றியதல்ல.

இதற்கு எளிய மருந்து உண்டு. கேஷ் செருகுநிரல் போட்டால், ஒருமுறை உருவான பக்கம் சாதாரண எச்டிஎம்எல் கோப்பாகச் சேமிக்கப்பட்டு அடுத்தடுத்த வாசகருக்கு அப்படியே போகும். பிஎச்பி விழிக்க வேண்டியதில்லை. புத்தகத்தைப் பார்ப்பவர் ஆயிரம் பேர் என்றால் வாங்குபவர் அதில் ஒரு சிறு பங்குதான். கேஷ் செய்யக் கூடாத பக்கங்கள் வாங்கும் கூடையும் (கார்ட்) பணம் செலுத்தும் இடமும் வாடிக்கையாளர் கணக்குப் பக்கமும் மட்டுமே. தளத்துக்கு முன்னால், படங்களைத் தன் சர்வர்களிலிருந்தே கொடுக்கும் கிளவுட்ஃபிளேரின் இலவசத் திட்டத்தை வைத்தால் அட்டைப் படங்களின் சுமையும் குறைந்துவிடும். இவ்வளவும் செய்த பிறகு, இந்தப் பதிப்பகத்துக்கு ஷேர்டு ஹோஸ்டிங்கே போதும் என்பது என் கட்சி. தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் அதை இளக்காரமாகப் பார்ப்பது எனக்குப் புரிந்ததே இல்லை. மின்னஞ்சல் பெட்டி, சிபேனல் என்ற நிர்வாகப் பலகை, இணைப்பை மறையாக்கும் எஸ்எஸ்எல் எல்லாம் கூடவே வருகின்றன. சர்வரின் பாதுகாப்பு அப்டேட்டுகளை இன்னொருவர் போடுகிறார். இரண்டு எச்சரிக்கைகள்: மூன்று ஆண்டுக்குச் சேர்த்துக் கட்டும்போது சொல்கிற விலை புதுப்பிக்கும்போது இரண்டு மூன்று மடங்காகலாம். பக்கத்துத் தளத்துக்காரர் குப்பை அஞ்சல் அனுப்பினால், ஐபி முகவரி பொது என்பதால் நம் ரசீதும் ஸ்பேம் பெட்டிக்குப் போகும்.

விபிஎஸ்ஸுக்கு வருவோம். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னலில் 2007இல் கேவிஎம் என்ற பகுதி சேர்ந்தது. இன்று ஒரு சர்வரைப் பல மெய்நிகர் சர்வர்களாகப் பிரித்து விற்கும் பெரும்பாலான நிறுவனங்களுக்கு அடித்தளம் அதுதான். சர்வரில் எதையும் மாற்றும் ரூட் அதிகாரம் முழுவதும் நம் கையில். மலிவான 1 ஜிபி திட்டத்தில் அப்பாச்சி (வலை சர்வர் மென்பொருள்), பிஎச்பி, மைஎஸ்க்யூஎல் (தரவுத்தளம்) மூன்றையும் ஏற்றிவிட்டு, ஸ்வாப் (ரேம் தீர்ந்தால் உதவும் வட்டு இடம்) ஒதுக்காமல் விட்டால் ஜனவரிக் கூட்டத்தில் நடப்பது இது: அப்பாச்சி வரும் ஒவ்வொருவருக்கும் ஒரு செயல்முறையைத் திறந்துகொண்டே போகும், ரேம் தீரும், கர்னல் யாரைக் கொன்றால் அதிக இடம் கிடைக்கும் என்று கணக்குப் போடும், பெரும்பாலும் பலியாவது மைஎஸ்க்யூஎல். வாசகருக்குத் தெரிவது, தரவுத்தளத்துடன் இணைய முடியவில்லை என்ற ஒற்றை வரி கொண்ட வெள்ளைப் பக்கம். தளத்தை நடத்துகிறவர் சர்வர் செத்துவிட்டது என்று நினைப்பார். கர்னல் பதிவில் மட்டும் கொன்றவர், கொல்லப்பட்டவர் விவரம் சுத்தமாக எழுதியிருக்கும்.

பார்க்க வேண்டிய இன்னொரு இடம், சர்வர் சுமையைக் காட்டும் டாப் கட்டளையின் மூன்றாவது வரிக் கடைசியில் எஸ்டி என்ற இரண்டெழுத்துக்குப் பக்கத்து எண். நமக்குக் கிடைத்திருக்க வேண்டிய சிபியு நேரத்தில் எவ்வளவு மற்ற மெய்நிகர் சர்வர்களுக்குப் போகிறது என்பதை அது காட்டும். தொடர்ந்து பத்து சதவீதத்துக்கு மேல் நின்றால், அளவுக்கு மீறி விற்றிருக்கிறார்கள் என்று பொருள். திட்டத்தை உயர்த்துவதைவிட நிறுவனத்தையே மாற்றுவது மேல். விபிஎஸ்ஸின் உண்மையான செலவு மாதக் கட்டணமல்ல. சர்வர் எழுந்த சில நிமிடங்களுக்குள் தொலைவிலிருந்து உள்ளே நுழைய உதவும் எஸ்எஸ்எச் கதவை உலகெங்குமுள்ள பாட்கள் (தானியங்கி நிரல்கள்) தட்டத் தொடங்கிவிடும். கடவுச்சொல் நுழைவை மூடி சாவிக்கோப்புக்கு மாறுவதும், அப்டேட் போடுவதும், பேக்கப் எடுப்பதும் ஒருவருடைய வேலை. அந்த ஒருவர் யார் என்று பெயர் சொல்ல முடியாத இடத்தில் விபிஎஸ் வாங்கக் கூடாது.

கிளவுட் என்ற சொல்லை இப்போது எல்லோரும் ஒட்டிக்கொள்கிறார்கள். நான் சொல்வது அமேசான் 2006இல் தொடங்கிய வகையை: பயன்படுத்திய அளவுக்குப் பணம். மும்பையில் 2016 முதல் அதன் தரவு மையங்கள் இருப்பதால் நம் வாசகருக்குத் தூரமும் பிரச்சினையில்லை. சிக்கல் நுணுக்கங்களில் இருக்கிறது. டி2, டி3 என்று அருகருகே இருக்கும் இரண்டு மலிவான சர்வர் வகைகளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் சும்மா இருக்கும் நேரத்தில் சிபியு கிரெடிட் சேர்த்துவைத்து, கூட்டம் வரும்போது செலவழிக்கும். கிரெடிட் தீர்ந்தால், இயல்பான அமைப்பில் டி2 வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். டி3 குறைக்காது, கூடுதல் கட்டணம் போடும். ஒரு எண் வித்தியாசம். ஒன்று விபிஎஸ்ஸின் குணம், மற்றது கிளவுட்டின் குணம். சர்வரிலிருந்து வெளியே போகும் டேட்டாவுக்கும் காசு. மாதம் முதல் 100 ஜிபி இலவசம், பிறகு மும்பையில் ஜிபிக்குச் சுமார் 11 சென்ட். 2024 பிப்ரவரி முதல் சர்வரின் பொது இணைய முகவரிக்கும் (ஐபிவி4) மணிக்கு அரை சென்ட். பட்ஜெட் எச்சரிக்கை அமைத்தால் மின்னஞ்சல் வரும். நாமே தனியாக ஏற்பாடு செய்யாதவரை எதையும் அது நிறுத்தாது. சுமை கணிக்க முடியாத செயலிகளுக்கு இது நியாயமான பேரம். எப்போதும் ஒரே சீரான சுமை என்றால் அல்ல: பேஸ்கேம்ப் செயலியை நடத்தும் 37சிக்னல்ஸ் 2022இல் கிளவுட்டை விட்டு வெளியேறுவதாக அறிவித்துச் சொந்த சர்வர்களை வாங்கியது அந்தக் கணக்கில்தான்.

ஹெரோக்கு, ரெண்டர் போன்றவை நிரலை மட்டும் கொடுத்தால் மற்றதைப் பார்த்துக்கொள்பவை. ஜாங்கோவிலோ நோடிலோ எழுதிய செயலிக்கு அருமை. நம் பதிப்பகத்துக்கு ஒத்துவராது. ஹெரோக்குவில் வட்டு நிலையற்றது. காலையில் ஏற்றிய அட்டைப் படம் மறுதொடக்கத்தில் காணாமல் போகும். இலவசத்தை நம்பவும் முடியாது. ஹெரோக்கு தன் இலவசத் திட்டத்தை 2022 நவம்பரில் மூடியது. ரெண்டரின் இலவசச் சேவை 15 நிமிடம் ஆள் வராவிட்டால் தூங்கிவிடும். அடுத்து வருகிறவர் அது எழும்வரை காத்திருக்க வேண்டும்.

பலரும் யோசிக்காத ஒரு வழி இருக்கிறது. முந்நூறு புத்தகப் பட்டியலுக்குத் தரவுத்தளம் எதற்கு? நிலையான எச்டிஎம்எல் பக்கங்களாக உருவாக்கி கிளவுட்ஃபிளேர் பேஜஸில் வைத்து, ரேசர்பே கட்டண இணைப்பைப் பொருத்தினால் ஆயிரம் பேர் வந்தாலும் லட்சம் பேர் வந்தாலும் ஒன்றுதான். கிட்ஹப் பேஜஸ் வேண்டாம். இணைய வணிகத் தளங்களை அதன் விதிகள் ஏற்பதில்லை. நிலையான தளம் என்றாலே பயமில்லை என்றும் எண்ண வேண்டாம். 2024இல், நிலையான தளங்களை வைக்கும் நெட்லிஃபையின் இலவசத் திட்டத்திலிருந்த ஒருவருக்கு, தாக்குதலில் ஏறிய பேண்ட்வித்துக்காக 1,04,000 டாலருக்கு மேல் பில் வந்தது. விஷயம் வெளியே வந்ததும் நிறுவனம் அதைத் தள்ளுபடி செய்தது. தளத்தைப் புதுப்பிக்கப் பெரும்பாலும் கிட் (கோப்பு மாற்றங்களைக் கையாளும் கருவி) தெரிந்த ஆள் தேவை என்பதுதான் இந்த வழியின் தடை. பதிப்பக அலுவலகத்தில் விலை மாற்றுகிறவர் வேர்ட்பிரஸ் மட்டும் பழகியவர் என்றால் விவாதம் அங்கேயே முடிந்துவிடுகிறது.

எதை எடுத்தாலும் பேக்கப் வேறு நிறுவனத்தில், வேறு ஊரில் இருக்கட்டும். 2021 மார்ச் 10 அன்று ஸ்ட்ராஸ்பூரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று முழுவதும் எரிந்தது. பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள். டொமைனையும் ஹோஸ்டிங் நிறுவனத்திடமே வாங்காமல் தனியே பதிவுசெய்தால் இடம் மாறுவது எளிது. மாறுவதற்கு முந்தைய நாள் டிஎன்எஸ் பதிவின் (டொமைன் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்ற குறிப்பு) டிடிஎல் மதிப்பை (அந்தக் குறிப்பை எவ்வளவு நேரம் நினைவில் வைக்கலாம் என்ற அளவு) 300 நொடியாகக் குறைத்துவிடுங்கள். பழைய சர்வரை ஒரு வாரம் ஓடவிடுங்கள். ஆனால் அங்கே ஆர்டர் வாங்குவதை மட்டும் முதல் வேலையாக நிறுத்திவிடுங்கள்.