மலிவு இயர்போனுக்கு அடுத்த படி: ட்ரூதியர் ஹெக்ஸா

மூன்று ஆண்டுகளாக நான் பயன்படுத்தி வந்தது 2,000 ரூபாய்க்குள் வாங்கிய, ஒற்றை டைனமிக் ட்ரைவர் (சவ்வை அதிரச் செய்து ஒலி எழுப்பும் சிறு ஒலிபெருக்கி) கொண்ட, கேபிளைக் கழற்ற முடியாத ஓர் இன்-இயர் இயர்போன். திரைப்பாடல்களுக்கும் பேச்சுப் பதிவுகளுக்கும் அது தாராளமாகப் போதுமானதாக இருந்தது. கச்சேரிப் பதிவுகளில் தனி ஆவர்த்தனம் வரும்போது மட்டும் ஒரு நெருடல். மிருதங்கத்தின் இடப்பக்கத் தோலான தொப்பியிலிருந்து எழும், வளைந்து மேலேறும் கும்கி ஒலியும் கடத்தின் வாயிலிருந்து வரும் கனத்த ஒலியும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, எது எதன் ஒலி என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரே முழக்கமாகக் கேட்டன. இதைவிட நல்லது ஒன்று வாங்க வேண்டும் என்ற எண்ணம் அங்கிருந்துதான் தொடங்கியது. என்ன குறை என்பதை இவ்வளவு குறிப்பாகச் சொல்ல முடிந்ததால்தான் தேர்வும் ஓரளவு எளிதாயிற்று என்று இப்போது தோன்றுகிறது.

ஆனால் புதியதை வாங்கும் முன் பழையதன் இயர்டிப்களை, அதாவது காதுக்குள் நுழையும் ரப்பர் முனைகளை, மாற்றிப் பார்த்தேன். இன்-இயர் இயர்போனில் பேஸ் எனப்படும் தாழ்ந்த ஒலி காதுக்குழாய்க்கும் ரப்பர் முனைக்கும் இடையே காற்று கசியாமல் அடைபட்டால் மட்டுமே முழுமையாக வரும். மயிரிழை அளவு இடைவெளி இருந்தாலும் முதலில் மெலிவது தாழ்ந்த அதிர்வெண்கள்தான். சோதிப்பது எளிது. கைபேசியில் ஒலி உருவாக்கும் செயலி ஒன்றைக் கொண்டு 40 ஹெர்ட்ஸ் ஒலியை மெல்லிய அளவில் ஒலிக்கவிட்டு, இயர்போனை விரலால் லேசாக உள்நோக்கி அழுத்துங்கள். அழுத்தும்போது ஒலி சட்டென்று கனத்தால், அதுவரை காற்று கசிந்துகொண்டிருந்தது என்று பொருள். எனக்கு இடது காதில் கசிவு இருந்தது. இரு காதுகளின் அளவும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பது அதுவரை என் புத்திக்கு எட்டவே இல்லை. சில நூறு ரூபாய்க்கு வாங்கிய இயர்டிப்களில் வலப்பக்கம் நடுத்தர அளவையும் இடப்பக்கம் பெரியதையும் மாட்டியவுடன் என் புகாரில் பாதி கரைந்துபோயிற்று. எஞ்சிய பாதிக்கு மட்டுமே பணம் செலவழிப்பது என்று முடிவு செய்தேன்.

இந்த எச்சரிக்கைக்கு இன்னொரு காரணமும் உண்டு. இன்றைய மலிவு இயர்போன்கள் பத்தாண்டுகளுக்கு முந்தையவை போன்றவை அல்ல. திறந்த காதுக்குழாய் ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள குழல். அது 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகளை இயல்பாகவே பெருக்கித் தருகிறது. குழாயை இயர்போன் அடைத்துவிட்டால் அந்தப் பெருக்கம் குலைந்துவிடும் என்பதால், வடிவமைப்பாளர் அதைத் தம் ட்யூனிங்கில், அதாவது ஒலிகளின் சமநிலையை அமைக்கும்போது, திரும்பச் சேர்க்க வேண்டும். எவ்வளவு சேர்ப்பது, பேஸை எவ்வளவு கூட்டுவது என்பதுதான் கேள்வி. ஒலிக்கருவிகள் தயாரிக்கும் ஹார்மன் நிறுவனத்தில் ஆய்வாளர் ஷான் ஆலிவின் குழுவினர் நேயர்களைக் கேட்கச் செய்து வகுத்த இலக்கு வளைகோடு (எந்த அதிர்வெண் எவ்வளவு ஒலிக்க வேண்டும் என்று காட்டும் கோடு) இந்தக் கேள்விக்கு எல்லாரும் பயன்படுத்தக்கூடிய ஒரு விடையைத் தந்தது. 2022-இல் வெளிவந்த மூன்டிராப் சூ, செவன்ஹெர்ட்ஸ் சால்நோட்ஸ் ஜீரோ ஆகிய இரண்டு இயர்போன்களும் 20 டாலர் விலையிலேயே அத்தகைய இலக்குகளை நெருங்கி வந்தன. ஆகவே 2,000 ரூபாயிலிருந்து 3,500 ரூபாய்க்குத் தாவுவதில் பெரும்பாலும் ஒலியின் நிறம் மாறுமே தவிரத் தரம் உயரும் என்று சொல்வதற்கில்லை. மாறுவதென்றால் நான்கு மடங்கு விலைக்குச் செல்ல வேண்டும், அல்லது முற்றிலும் வேறு வகையான ஒன்றைத் தேட வேண்டும் என்பது என் கருத்து.

அந்த வரம்பில் நான்கு இயர்போன்களைக் கருத்தில் கொண்டேன். அவற்றில் மூன்றை நண்பர்களிடமிருந்து வாங்கிச் சில நாள்கள் கேட்டேன். 2021-இல் வந்த மூன்டிராப் ஏரியா ஒற்றை டைனமிக் ட்ரைவர் கொண்டது. குரலில் இதமும் பேஸில் நிறைவும் இருந்தன. ஆனால் என் பழைய இயர்போனின் குணமே மெருகேறி வந்தது போல இருந்ததால், இதற்காக மாற வேண்டுமா என்ற கேள்வி எழுந்தது. சென்ஹைசர் ஐஇ 200 என்பதில் 7 மில்லிமீட்டர் ட்ரைவர் ஒன்று உள்ளது. அதன் இயர்டிப்பை இரண்டு நிலைகளில் பொருத்த முடியும், நிலைக்கேற்ப பேஸின் அளவும் மாறும். மிருதங்கத்தின் வலந்தலைச் சொற்களை இந்த நான்கில் மிகத் தெளிவாகச் சொன்னது இதுதான். ஆனால் வயலினின் மேல் ஸ்தாயி சில பதிவுகளில் கூர்மையாக உறுத்தியது. 2023-இல் அறிமுகமானபோது அதன் விலை 150 டாலர் அளவில் இருந்ததும் என்னைத் தயங்கச் செய்தது.

எட்டிமோட்டிக் இஆர்2எக்ஸ்ஆர் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1991-இல் இஆர்-4 என்ற இயர்போனை வெளியிட்டு இந்தத் துறைக்கே வழிகாட்டிய அமெரிக்க நிறுவனத்தின் தயாரிப்பு இது. மூன்று அடுக்கு ரப்பர் முனையைக் காதுக்குழாயின் ஆழம் வரை செலுத்தி அணிய வேண்டும். சரியாக அணிந்தால் வெளிச்சத்தம் ஏறக்குறைய அற்றுப்போகிறது. பேருந்தில் அமர்ந்து தம்புராவின் நான்கு தந்திகளையும் தனித்தனியே கேட்டது எனக்குப் புதிய அனுபவம். குறைந்த ஒலியளவிலேயே எல்லாம் கேட்டுவிடுவது காதுக்கும் நல்லது. பெரியவர்களுக்கு வாரத்தில் 40 மணி நேரம், 80 டெசிபல் என்பதே உலகச் சுகாதார நிறுவனம் வகுத்துள்ள வரம்பு. ஒலியை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வதானால் நான் இதையே வாங்கியிருப்பேன். ஆனால் அவ்வளவு ஆழத்தில் ஒரு பொருளை ஒரு மணி நேரத்துக்கு மேல் என் காது பொறுக்கவில்லை. மெல்லும்போதும் நடக்கும்போதும் உடலின் ஓசைகளே பெரிதாகக் கேட்கின்றன. நண்பருக்கோ இதில் எந்தச் சிரமமும் இல்லை. அவர் இதை அணிந்துகொண்டு உறங்கவே செய்கிறார்.

நான்காவதான ட்ரூதியர் ஹெக்ஸாவைக் கேட்டுப் பார்க்க வாய்ப்புக் கிடைக்காமலே வாங்கினேன். இது 2022-இன் இறுதியில் 80 டாலர் விலையில் வந்தது. ஒரு டைனமிக் ட்ரைவர் தாழ்ந்த ஒலிகளைக் கவனிக்க, அதற்கு மேலுள்ள பகுதியை மூன்று பேலன்ஸ்டு ஆர்மச்சர் ட்ரைவர்கள் பகிர்ந்துகொள்கின்றன. செவித்துணைக் கருவிகளுக்கென உருவான இந்தச் சிறிய ட்ரைவர்கள் எண்ணிக்கையில் கூடுவதாலேயே ஒலி சிறந்துவிடாது. ஐந்தும் ஆறுமாக அடுக்கி வைத்தும் தகரத்தைத் தட்டியது போல ஒலித்த மலிவு மாதிரி ஒன்றைக் கேட்டிருக்கிறேன். ஹெக்ஸாவில் பாராட்ட வேண்டியது அவற்றுக்கிடையே வேலையைப் பிரித்த விதம். பேஸ் கீழ்ப்பகுதியில் மட்டும் உயர்ந்து, குரல் தொடங்கும் இடத்துக்கு முன்பே அடங்கிவிடுகிறது. அதனால் கும்கி வளைந்து மேலேறும்போது அதன் முழுப் பாதையும் கேட்கிறது. கடம் அதற்குப் பக்கத்தில், தனக்கென ஓர் இடத்தில் நிற்கிறது. நான் தேடியது கிடைத்துவிட்டது.

கிடைக்காதது ஒன்றும் உண்டு. தவிலின் அடியில் நெஞ்சில் மோதுகிற ஓர் உறைப்பு இருக்கும் அல்லவா, அது இதில் அடக்கமாகவே வருகிறது. அடிகள் தெளிவாகக் கேட்கின்றன, ஆனால் எடை குறைவு. துள்ளலிசைப் பாடல்களை விரும்பிக் கேட்பவர்களுக்கு இது சைவச் சாப்பாடாகத் தோன்றலாம். அவர்களுக்கு ஏரியாவே பொருத்தம். மேலும், ஹெக்ஸாவின் காதுக்குள் செல்லும் பகுதி தடிமனானது. சிறிய இயர்டிப் மட்டுமே பொருந்தும் காதுடையவர்கள் திருப்பித் தரும் வசதியுள்ள கடையிலேயே வாங்குவது நல்லது. ரெசினில் முப்பரிமாண அச்சு முறையில் செய்யப்பட்ட உடல் எடையற்றது போலவே இருக்கிறது. கேபிளைக் கழற்ற முடிவதும், அதிலுள்ள 0.78 மில்லிமீட்டர் இரட்டை முள் இணைப்புக்கு மாற்றுக் கேபிள்கள் எங்கும் கிடைப்பதும், ஜாக்கை ஒட்டிக் கம்பி அறுந்து ஒரு முழு இயர்போனையே குப்பையில் போட்ட அனுபவமுள்ள எனக்குச் சிறிய செய்தி அல்ல.

இதை எதில் செருகுவது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பல ட்ரைவர்கள் கொண்ட இயர்போனின் மின்மறுப்பு, அதாவது அது மின்னோட்டத்துக்குக் காட்டும் தடை, அதிர்வெண்ணுக்கு அதிர்வெண் மாறும். எனவே ஒலியைத் தரும் கருவியின் வெளியீட்டு மின்மறுப்பு அதிகமாக இருந்தால் ஒலியின் சமநிலையே மாறிவிடக்கூடும். அது இயர்போனின் மின்மறுப்பில் எட்டில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும் என்பது பொதுவான கணக்கு; ஹெக்ஸாவின் 20.5 ஓம்முக்கு அது சுமார் 2.5 ஓம் ஆகிறது. கைபேசியில் இயர்போனைச் செருக உதவும் ஆப்பிளின் சிறிய யுஎஸ்பி-சி டாங்கிளே இதற்குப் போதும். ஆனால் சில ஆண்ட்ராய்டு கைபேசிகளில் அது மிகக் குறைந்த ஒலியளவே தருகிறது என்பதால், அத்தகையோர் வேறு டாங்கிளைப் பார்க்க வேண்டும். தனி ஆம்ப்ளிஃபையர் வாங்கச் சொல்லும் அறிவுரைகளை இந்த விலைப் பிரிவில் தயங்காமல் ஒதுக்கிவிடலாம்.

பழைய இயர்போனையும் நான் கைவிடவில்லை. தெருவில் நடக்கும்போது பின்னால் வரும் வண்டியின் ஹாரன் கேட்க வேண்டும் என்பதற்காக, முன்பு கசிந்த அதே இயர்டிப்பை இடது பக்கத்தில் மீண்டும் மாட்டி வைத்திருக்கிறேன்.