பவர் பிஐ நல்ல மென்பொருள், நீங்கள் வாங்க வேண்டாம்

பவர் பிஐ என்பது டேட்டாவை ரிப்போர்ட்டும் கிராஃபுமாக மாற்றித்தரும் மைக்ரோசாஃப்ட் மென்பொருள். அதன் ப்ரோ என்ற கட்டண உரிமம் ஓர் ஆளுக்கு மாதம் 10 டாலராக இருந்தது. 2025 ஏப்ரலில் 14 டாலர் ஆக்கிவிட்டார்கள். அதிலிருந்து என்னிடம் "அது வேணுமா, வேண்டாமா" என்று கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். கடைசியாகக் கேட்டது அருப்புக்கோட்டையில் பிஸ்கட், எண்ணெய் ஏஜென்சி எடுத்திருக்கும் நண்பன். "மாப்ள, நீதான் வருசக்கணக்கா அதுலயே கெடக்க. எங்களுக்குப் போடலாமா? கிளாஸுக்குப் போய்ப் படிக்கணுமா?" போனில் பாதிதான் சொல்ல முடிந்தது, முழுசாக இங்கே.

நான் விருதுநகரில் ஒரு மொத்த விநியோக ஏஜென்சியில் கணக்கும் ரிப்போர்ட்டும் பார்க்கிறேன். பவர் பிஐ டெஸ்க்டாப் இலவசம், விண்டோஸில் மட்டும் ஓடும், கிராஃப் அழகாக வரும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கிராஃப் எனக்குப் பெரிய விஷயமே இல்லை. என்னை இத்தனை காலம் இதில் பிடித்துவைத்திருப்பது உள்ளே இருக்கும் பவர் குவெரி, அதாவது வரும் டேட்டாவைச் சீராக்கும் பகுதி. அதிலும் குறிப்பாக ஒரே ஒரு பட்டன்: பக்கவாட்டில் விரிந்து கிடப்பதைக் கீழே வரிகளாக அடுக்கும் அன்பிவட்.

எங்கள் பில்லிங் மென்பொருள் (பெயர் வேண்டாம், ஊரில் பாதிப் பேர் அதைத்தான் வைத்திருக்கிறார்கள்) கடைவாரி விற்பனையை எப்படித் தருகிறது என்று பாருங்கள். சேல்ஸ்மேன் பெயர் மேலே ஒரே ஒரு தடவை. அதன் கீழே அவர் பீட்டில் (அவர் ஆர்டர் எடுக்கச் சுற்றும் பகுதியில்) உள்ள கடைகள். பக்கவாட்டில் ஏப்ரலில் ஆரம்பித்து மார்ச் வரை 12 காலம் (column, மேலிருந்து கீழே போகும் கட்ட வரிசை). ஒவ்வொரு பீட் முடிந்ததும் ஒரு "மொத்தம்" வரி, பிறகு ஒரு காலி வரி. பிரிண்ட் எடுத்துப் படிக்க இது சரி. கணக்குப் போட உதவாது. இதை வெட்டி ஒட்டிச் சீராக்குவதிலேயே முன்பெல்லாம் மாதக் கடைசி போய்விடும்.

பவர் குவெரியில் இதற்கு வழி இதுதான். மேலே உள்ள தலைப்பு வரிகளை நீக்கு. சேல்ஸ்மேன் காலத்தில் ஃபில் டவுன் கொடு, பெயர் கீழே எல்லா வரிக்கும் இறங்கும். இறங்கவில்லை என்றால் அந்தக் கட்டங்கள் வெறுமையாகத் தெரிந்தாலும் நல் (null, உள்ளே எதுவுமே இல்லாத கட்டம்) அல்ல என்று அர்த்தம். ரீப்ளேஸ் வேல்யூஸில் போய் முதலில் நல் ஆக்கிவிட்டு மறுபடி கொடு. "மொத்தம்" வரிகளை ஃபில்டரில் எடுத்துவிடு. பிறகு சேல்ஸ்மேன், கடை இரண்டு காலத்தையும் தேர்ந்தெடுத்து ரைட் கிளிக், அன்பிவட் அதர் காலம்ஸ். அவ்வளவுதான். 12 காலமும் மடங்கி மாதம், தொகை என்று இரண்டு காலமாக நிற்கும். செய்த ஒவ்வொன்றும் வலது பக்கம் அப்ளைட் ஸ்டெப்ஸில் பதிவாகியிருக்கும். அடுத்த மாதம் புது ஃபைலைப் பழைய இடத்தில் போட்டு ரீபிரெஷ் அமுக்கினால் அத்தனையும் தானாக ஓடும். முதல் தடவை அது ஓடி முடித்தபோது ஏதோ விட்டுப்போயிருக்கும் என்றுதான் நினைத்தேன். கால்குலேட்டரை எடுத்துக் கூட்டிப் பார்த்த பிறகுதான் நம்பினேன்.

இங்கே ஒரு விஷயம் உண்டு, இதைச் சொல்லித்தர ஆளில்லை. அன்பிவட் செய்யும்போது நல் இருக்கும் கட்டங்கள் காணாமல் போகும். அந்த மாதம் சரக்கு எடுக்காத கடைக்கு வரியே இருக்காது. ஆனால் எங்கள் முதலாளி அண்ணாச்சி முதலில் கேட்பதே "எந்தக் கடை சரக்கு எடுக்கல?" என்றுதான். அதனால் அன்பிவட்டுக்கு முந்தைய படியிலேயே நல்லைப் பூஜ்யமாக மாற்றிவிட வேண்டும்.

இதைவிட மோசம் தேதி. பில் ரெஜிஸ்டரில் 03/04/2025 என்று இருக்கிறது. கம்ப்யூட்டரின் ரீஜன் அமெரிக்கா என்று கிடந்தால் அது மார்ச் 4. ஏப்ரல் மாதப் பில்களை அப்படி ஏற்றினால் முதல் 12 நாள் விற்பனை ஜனவரி தொடங்கி டிசம்பர் வரை மாதத்துக்கு ஒரு நாளாகச் சிதறிவிடும். 13-ஆம் தேதி முதல் எல்லாம் எரர். எரர் வந்ததாவது கண்ணில் படும், சிதறியது படாது. தேதிக் காலத்தில் ரைட் கிளிக் செய்து சேஞ்ச் டைப், யூசிங் லோக்கேல் (எந்த நாட்டு முறையில் படிக்க வேண்டும் என்பது), தேதி, இங்கிலீஷ் இந்தியா என்று கொடுத்தால் தீர்ந்தது. ஆனால் அதற்கு முன்னால் பவர் குவெரி தன் விருப்பத்துக்குச் சேர்த்துவைத்திருக்கும் சேஞ்ச்டு டைப் என்ற படியை அழிக்க வேண்டும். இந்தப் படியை யாரும் கேட்கவில்லை, தானாக வரும். அதில் காலத்தின் பெயர்களும் எழுதப்பட்டிருக்கும். யாராவது தலைப்பில் ஒரு புள்ளியைச் சேர்த்தாலும் அந்தக் காலம் கிடைக்கவில்லை என்று ரீபிரெஷ் நின்றுவிடும். ஆப்ஷன்ஸில் டேட்டா லோட் பகுதியில் டைப் டிடெக்ஷனை நிறுத்திவையுங்கள். பவர் பிஐ போட்டதும் முதல் வேலை இதுவாக இருக்கட்டும்.

எழுத்து கொஞ்சம் மாறியிருந்தாலும் கடைப் பெயரைப் பொருத்தும் ஃபஸி மெர்ஜ் பற்றி நிறையப் பேர் சிலாகிக்கிறார்கள். நம் ஊரில் யோசித்துச் செய்யுங்கள். ஒரே பீட்டில் ஸ்ரீ முருகன் ஸ்டோர், ஸ்ரீ முருகன் ஸ்டோர்ஸ், முருகன் ஸ்டோர் என்று மூன்று வேறு முதலாளிகள் உட்கார்ந்திருப்பார்கள். மூவரின் பாக்கியையும் ஒருவர் தலையில் கட்டிவிடும். பெயரை விடுங்கள், கடைக்கு ஒரு தனி அடையாள எண் கொடுத்து அதை வைத்துப் பொருத்துங்கள்.

இனி கிளாஸ். மதுரையில் ஒரு பயிற்சி மையத்துக்கு ஏஜென்சி செலவில் என்னை அனுப்பினார்கள். குறை மட்டும் சொல்லக்கூடாது, சொல்லித்தந்த தம்பி விவரமான ஆள், டாக்ஸில் (DAX, பவர் பிஐயின் ஃபார்முலா மொழி) கால்குலேட் ஃபங்ஷனை அவ்வளவு தெளிவாக விளக்கியவரை நான் பார்த்ததில்லை. ஆனால் முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை கையில் கொடுத்த டேட்டா துவைத்து இஸ்திரி போட்ட சட்டை மாதிரி இருந்தது. காலி வரி இல்லை, தேதித் தகராறு இல்லை, பெயர்க் குழப்பம் இல்லை. டோனட் சார்ட், கேஜ் சார்ட், கலர் தீம் என்று நாள் முழுக்க ஓடியது. பவர் குவெரிக்குக் கிடைத்தது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம். இதில் மாதச் சம்பளத்தில் பாதியைக் கட்டிவிட்டுப் படிக்க வரும் பிள்ளைகளை நினைத்தால் எரிச்சல் வருகிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே பில்லிங் மென்பொருள் தரும் ரிப்போர்ட்டைப் பார்த்து முழிக்கப்போவது அவர்கள்தான்.

கிராஃப் பக்கம் தெரிந்துகொள்ள வேண்டியவை குறைவு. மாதப் பெயர்களை அகர வரிசையில் அடுக்கும். நம் நிதியாண்டும் ஏப்ரலில் தொடங்குகிறது, ஆங்கில அகர வரிசையும் ஏப்ரலில்தான் தொடங்குகிறது. அதனால் பார்த்தவுடன் சரியாக இருப்பது போலவே தெரியும். அடுத்தது ஆகஸ்ட், அதற்கடுத்து டிசம்பர் என்று படித்தால்தான் புரியும். ஏப்ரலுக்கு 1, மார்ச்சுக்கு 12 என்று ஓர் எண் காலம் வைத்து ஸார்ட் பை காலமில் (Sort by column, வரிசைப்படுத்தும் பட்டன்) அதைக் காட்டுங்கள். வருடத் தொடக்கத்திலிருந்து இன்றுவரை மொத்தம் பார்க்க டோட்டல் ஒய்டிடி எழுதும்போது, கடைசியில் மார்ச் 31 என்று ஆண்டு முடிவையும் கொடுங்கள். கொடுக்காவிட்டால் ஜனவரியிலிருந்து கூட்டும்.

டிஸ்ப்ளே யூனிட்ஸில் ஆயிரம், மில்லியன், பில்லியன், டிரில்லியன் எல்லாம் உண்டு. லட்சமும் கோடியும் இல்லை. அண்ணாச்சி திரையைப் பார்த்து, "தம்பி, இது என்ன 12.5 எம்? எத்தன லச்சம்னு சொல்லுய்யா" என்றார். ஒரு கோடியே இருபத்தைந்து லட்சம் அண்ணாச்சி என்று நான் வாயால் சொன்னேன். அன்றே மெஷரை (கிராஃபுக்குத் தொகையைக் கணக்கிடும் ஃபார்முலாவை) ஒரு லட்சத்தால் வகுத்து, தலைப்பில் "ரூ. லட்சத்தில்" என்று போட்டுவிட்டேன். இத்தனை கோடிப் பேர் லட்சத்தில் எண்ணும் நாட்டில் இதற்கு ஒரு பட்டன் இல்லை என்பதை நினைக்கும்போதெல்லாம் கொஞ்சம் சூடாகிறது.

சரி, இவ்வளவு புகழ்ந்தபின் அருப்புக்கோட்டை நண்பனுக்குச் சொன்ன பதில்: காசு கொடுத்து வாங்காதே.

நான் கொண்டாடும் பவர் குவெரி எக்செலிலேயே இருக்கிறது. 2016 எக்செலிலிருந்து மேலே டேட்டா என்ற டேபுக்குள் (tab) கெட் அண்ட் டிரான்ஸ்ஃபார்ம் என்று உட்கார்ந்திருக்கிறது. ஃபில் டவுன், அன்பிவட், லோக்கேல், ஃபோல்டரிலிருந்து எல்லா ஃபைலையும் சேர்த்து எடுப்பது, எல்லாம் அங்கேயும் உண்டு. ஒரு ஷீட்டில் 10,48,576 வரிதான் கொள்ளும் என்றாலும் டேட்டா மாடலில் (ஷீட்டுக்கு வெளியே எக்செல் வைத்திருக்கும் கிடங்கு) ஏற்றினால் அந்த எல்லையும் தடுக்காது. ஒரு ஏஜென்சி, ஒரு குடோன், பார்க்கப்போவது முதலாளியும் கணக்கரும் என்றால் பிவட் டேபிளே போதும். எங்கள் அண்ணாச்சிக்கே நான் அனுப்புவது வாட்ஸ்அப்பில் ஒரு பக்க பிடிஎஃப்தான். லிங்க் கொடுத்தால் திறக்கமாட்டார்.

ப்ரோ தேவைப்படுவது பகிர்வதற்கு. கிளைகள் நாலைந்து இருந்து, ஒவ்வொரு மேனேஜரும் தன் கிளையை மட்டும் பார்க்க வேண்டுமென்றால் ரோ லெவல் செக்யூரிட்டிக்காக வாங்கலாம். அப்போதும் அனுப்புபவருக்கு மட்டுமல்ல, பார்ப்பவருக்கும் உரிமம் வேண்டும் என்பதைத் தலைக்கு இவ்வளவு என்று பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆபீஸ் கம்ப்யூட்டரில் கிடக்கும் ஃபைல் தானாக ரீபிரெஷ் ஆக கேட்வே (அந்தக் கம்ப்யூட்டரை இணையத்தில் இருக்கும் பவர் பிஐயோடு இணைக்கும் மென்பொருள்) போட வேண்டும், கம்ப்யூட்டரும் அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். நாளுக்கு 8 தடவைதான் ப்ரோவில் அனுமதி. எங்களுக்கு ஒன்றே அதிகம்.

உரிமச் செலவைத் தவிர்க்க "பப்ளிஷ் டு வெப் (ரிப்போர்ட்டை இணையத்தில் பொதுவில் போடும் பட்டன்) போட்டால் ஓசியில் எல்லோரும் பார்க்கலாமே" என்று உங்களுக்கும் யாராவது யோசனை சொல்வார்கள். அதில் எல்லோரும் என்றால் நிஜமாகவே எல்லோரும். பாஸ்வேர்டு கிடையாது, லிங்க் கிடைத்த யாரும் திறக்கலாம். எந்தக் கடையில் எவ்வளவு பாக்கி நிற்கிறது, யாருக்கு என்ன விலை போடுகிறோம் என்ற பட்டியலை எல்லாம் எதிர் ஏஜென்சிக்காரர் உட்கார்ந்து படிக்கட்டும் என்றால் மட்டும் அந்தப் பட்டனைத் தொடுங்கள்.