சக துணையாளர் சான்றிதழ்: ஜார்ஜியாவா, கலிபோர்னியாவா, நியூயார்க்கா?

மனநோயிலிருந்தோ போதையிலிருந்தோ மீண்டு வந்தவர், அதே நிலையில் தவிக்கும் இன்னொருவருக்குத் துணை நிற்பது அமெரிக்காவில் சம்பளமுள்ள வேலை. இவரைத்தான் சக துணையாளர் என்கிறார்கள். மனநல வார்டிலிருந்து வீடு திரும்பியவரோடு மருந்துக்கடை வரை போவார். "அந்த மாத்திரை போட்டப்போ எனக்கும் கை நடுங்குச்சு, டாக்டர்கிட்ட சொல்லிப் பாருங்க" என்பார். எந்த டாக்டராலும் இப்படிச் சொல்ல முடியாது.

இந்த வேலைக்கு, வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்ட் பணம் தர வேண்டுமானால் பயிற்சி, மேற்பார்வை, சான்றிதழ் மூன்றும் வேண்டும் என்று 2007-ல் மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது. எத்தனை மணி நேரப் பயிற்சி, என்ன தேர்வு என்பதெல்லாம் மாநிலத்தின் விருப்பம்.

முதலில் வழி போட்டது ஜார்ஜியா. 1999-லேயே மெடிக்கெய்ட் பணத்துக்கு ஏற்பாடு செய்து, 2001-ல் சான்றிதழ் பயிற்சியையும் தொடங்கியது. மற்ற மாநிலங்கள் பார்த்துக் கற்றது இங்கேதான்.

கலிபோர்னியா ரொம்பத் தாமதம். 2020-ல்தான் சட்டம் வந்தது. 80 மணி நேரப் பயிற்சி, பிறகு ஒரு தேர்வு. முன்கூட்டியே இத்தனை மணி நேரம் வேலை பார்த்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. புதிதாக வருபவருக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் திட்டத்தில் சேர்வதா வேண்டாமா என்பதை அந்தந்த கவுண்டியே (நம்மூர் மாவட்டம் மாதிரி) முடிவு செய்யலாம். சேராத கவுண்டியில் இருப்பவர் சான்றிதழ் வாங்கியும், அவர் செய்யும் இந்த வேலைக்குக் காப்பீட்டில் பணம் கேட்க முடியாது. படித்துத் தேறியவரை இப்படி நிறுத்தி வைப்பது நியாயமே இல்லை.

நியூயார்க் வேறு மாதிரி. மாநிலமே இணையத்தில் இலவசமாகப் பாடம் நடத்துகிறது. அடிப்படைப் பாடங்களை முடித்தவர் தற்காலிகச் சான்றிதழோடு வேலையில் சேரலாம். மனநலத் துணையாளருக்கான முழுச் சான்றிதழுக்கு 2,000 மணி நேர அனுபவம் வேண்டும், அதாவது சுமார் ஒரு வருட முழுநேர வேலை. எண்ணைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். ஆனால் அந்த மணி நேரத்தைச் சம்பளம் வாங்கிக்கொண்டே சேர்க்கலாம் என்பதுதான் விஷயம். பேசாமல் உட்கார்ந்திருக்கும் ஒருவரோடு எப்படி உட்கார்ந்திருப்பது என்பதைத் திரையில் படித்துக் கற்க முடியாது. அதற்கு வேலையில் இறங்கித்தான் ஆக வேண்டும்.

மனநலம், போதைச் சிகிச்சை இரண்டையும் கவனிக்கும் மத்திய அரசின் சாம்சா (SAMHSA) அமைப்பு 2023-ல் தந்த மாதிரி விதிகள் 40 முதல் 60 மணி நேரப் பயிற்சியும், மேற்பார்வையில் 120 மணி நேர வேலையும் போதும் என்கின்றன. குற்றப் பின்னணிச் சோதனையைச் சான்றிதழோடு சேர்க்காமல், வேலைக்கு எடுக்கும்போது பார்த்துக்கொள்ளவும் பரிந்துரைக்கின்றன. இது அவசியம். போதையிலிருந்து மீண்ட பலருக்குப் பழைய வழக்கு இருக்கும். மீண்டு வந்த அந்த அனுபவத்துக்காகத்தானே அவர்களைக் கூப்பிடுகிறோம்?

என்னைக் கேட்டால் நியூயார்க் முறைதான் மேல். கையில் காசில்லாதவரும் உள்ளே வர முடிகிறது. அந்த 2,000 மணி நேரத்தை மட்டும் சாம்சா சொல்லும் அளவை ஒட்டிக் குறைக்க வேண்டும். பகுதிநேரம்தான் முடியும் என்று இருப்பவருக்கு இப்போது அது இரண்டு வருடம் இழுக்கிறது.