பழைய நிரலை வைத்திருப்பதா, நீக்குவதா?

யாழ்ப்பாணத்திலிருந்து நாங்கள் சிலர் பராமரித்துவரும் சிறிய திறந்த மூலத் தரவுத்தளத் திட்டத்தில், பழைய சேமிப்பு வடிவத்துக்கென எழுதப்பட்டு இப்போது எவரும் பயன்படுத்தாத நிரற்பகுதியை அண்மையில் முற்றாக நீக்கினோம். அப்படியே விட்டுவிடுவது, விரும்பியவர் மட்டும் சேர்த்துத் தொகுக்கக்கூடிய (compile) தெரிவாக ஒதுக்குவது, முன்னறிவித்து நீக்குவது என மூன்று வழிகள் இருந்தன. மூன்றாவதே சரியென்பது என் உறுதியான கருத்து.

அப்படியே விடுவதற்கு எஸ்கியூலைட் (SQLite) என்ற தரவுத்தள மென்பொருள் நல்ல முன்மாதிரி. 2004இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பின் கோப்புகளை அது இன்றும் திறக்கிறது. 2050 வரை ஆதரவு தொடரும் என்றும் அதன் உருவாக்குநர்கள் அறிவித்துள்ளனர். ஆனால் அந்த வாக்குறுதிக்குப் பின்னால், மூல நிரலைவிடப் பல மடங்கு பெரிய சோதனை நிரல் இருக்கிறது. ஒருசிலர் ஓய்வு நேரத்தில் கவனிக்கும் திட்டத்தால் அந்தச் சுமையைத் தாங்க முடியாது.

தெரிவாக ஒதுக்குவது இரண்டுக்கும் நடுவழிபோலத் தோன்றினாலும், தொகுக்கப்படாத நிரலை எவரும் சோதிப்பதில்லை. சில வெளியீடுகளுக்குள் அது தொகுக்கவே முடியாததாகிவிடும்.

முடிவைத் தீர்மானித்தது பராமரிப்புத்தான். பயன்படாத நிரல் சும்மா கிடப்பதில்லை. மையக் கட்டமைப்பில் எதை மாற்றினாலும் அதையும் படித்து, புரிந்து, திருத்தியாக வேண்டும். எடுத்துக்காட்டாக, போஸ்ட்கிரெஸ்கியூஎல் (PostgreSQL) என்ற தரவுத்தள மென்பொருளில், ஒவ்வொரு வரிசைக்கும் அடையாள எண் தரும் ஓஐடி (OID) என்ற மறைவான நெடுவரிசையைப் பயனரின் அட்டவணைகளுக்கும் சேர்க்கும் வசதி இருந்தது. 2005இல் வந்த 8.1ஆம் பதிப்பிலேயே அது, பயனர் கேட்டாலன்றிச் சேர்க்கப்படாதவாறு, இயல்பு நிலையில் நிறுத்தப்பட்டது. ஆனால் நிரலிலிருந்து நீங்கியது 2019இல், 12ஆம் பதிப்பில்தான். அது சாதாரண நெடுவரிசையாக இல்லாததால், இடைப்பட்ட காலம் முழுவதும் பல இடங்களில் அதற்கெனத் தனி விதிவிலக்குகளைச் சுமக்க வேண்டியிருந்தது. வேறு சேமிப்பு முறைகளைச் செருகக்கூடிய புதிய இடைமுகத்தை அமைக்க முனைந்தபோது, அந்த விதிவிலக்குகளை அங்கும் பெருக்க வேண்டிவரும் என்பதே அதை நீக்குவதற்கு முக்கியக் காரணமாயிற்று. அந்த இடைமுகமும் அதே 12ஆம் பதிப்பில் வெளிவந்தது. எங்கள் திட்டத்திலும், பழைய வடிவத்தை நீக்கிய பின்னர், தரவுக் கோப்பின் பக்கங்களைப் படிக்கும் பகுதியைப் புதிதாக இணையும் மாணவர் ஒருவருக்கு விளக்குவது மிகவும் எளிதாகியிருக்கிறது.

நீக்குவதன் விலையைப் பயனர் செலுத்துகிறார் என்பதையும் மறைக்கக்கூடாது. 2018இல் மைஎஸ்கியூஎல் (MySQL) தரவுத்தள மென்பொருளின் 8.0 பதிப்பு, வினவல்களின் விடைகளை வைத்திருந்து மீண்டும் தரும் வினவல் தற்காலிகச் சேமிப்பை நீக்கியது. அதற்குரிய பழைய வரி அமைப்புக் கோப்பில் எஞ்சியிருந்தால் சேவையகம் தொடங்கவே மறுக்கும். அதிலிருந்து பிரிந்த மரியாடிபியோ (MariaDB) அந்த வசதியை இயல்பு நிலையில் அணைத்து வைத்துக்கொண்டது. இங்கே கடைகளிலும் கூட்டுறவுச் சங்கங்களிலும் பழைய அமைப்புக் கோப்பை அப்படியே பிரதிசெய்து புதிய பதிப்பை நிறுவுவது வழக்கம் என்பதால், இந்த வேறுபாடு எங்களுக்குச் சிறியதல்ல. ஆகவே ஒரு வெளியீடு முழுவதும் எச்சரிக்கை மட்டும் காட்டிவிட்டு, அடுத்ததில்தான் நீக்கினோம்.

பயனர் எண்ணிக்கை பெரிதாக உள்ள திட்டங்களுக்கு ஒரு வெளியீட்டு அவகாசம் போதுமா என்று, எங்கள் சிறிய அனுபவத்தை வைத்துச் சொல்லமாட்டேன். எங்களிடம் பழைய கோப்பைத் திறக்க முயல்பவருக்கு, எந்தப் பதிப்பைக் கொண்டு அதை மாற்றிக்கொள்ளலாம் என்பதைப் பிழைச்செய்தியே கூறுகிறது. அந்தப் பதிப்பும் நீக்கப்பட்ட நிரலும் நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் (Git) வரலாற்றில் முழுமையாக இருக்கின்றன.