இந்தோனேசிய மொழி "ரொம்ப ஈஸி"யாம்! ஜகார்த்தாவுல சில வருஷம் ஓட்டினவனோட ரிவ்யூ

சென்னையில இருக்கிற ஃப்ரெண்டு ஒருத்தன் மெசேஜ் போட்டிருந்தான். அவன் கம்பெனிக்கு ஜகார்த்தாவுல ப்ராஜெக்ட் வந்திருக்காம், "இந்தோனேசியன் கத்துக்கலாமாடா, ரெண்டே மாசத்துல வந்துடுமாமே"ன்னு கேக்குறான். அந்த "வந்துடுமாமே"வைப் பாத்ததுல இருந்து ஒரே கடுப்பு, அதான் இவ்வளவு பெருசா எழுத உக்காந்துட்டேன்.

பேசிக்ஸ் எல்லாருக்கும் தெரியும். இங்கிலீஷ் எழுத்து, ஆண்பால் பெண்பால் கிடையாது, வினைச்சொல் காலத்துக்குத் தகுந்த மாதிரி மாறாது, முன்னாடி 'சுடா' போட்டா முடிஞ்சு போச்சு, 'அக்கான்' போட்டா இனிமேதான். யூட்யூப்ல அத்தனை பேரும் இதைத்தான் சொல்றாங்க, பொய்யும் இல்ல. வந்த புதுசுல சந்தையில விலை பேசுறது, ட்ரைவருக்கு வழி சொல்றது எல்லாம் மடமடன்னு வந்துடுச்சு, நான் ஹிந்திக்குப் பட்ட பாட்டுக்கு இது சொர்க்கம்.

அதுலயும் தமிழ்க்காரங்களுக்குன்னு சில சுகம் இருக்கு. நாம, நாங்கன்னு நாம பிரிக்கிறோம்ல, அவங்களும் அதே மாதிரி 'கித்தா', 'காமி'ன்னு பிரிக்கிறாங்க. என் க்ளாஸ்ல இருந்த ஆஸ்திரேலியாக்காரர் இதைப் புரிஞ்சுக்க வாரக்கணக்குல முழிச்சாரு, நான் கெத்தா உக்காந்திருந்தேன். அப்புறம் பேர் தெரியாதவங்களை எப்படிக் கூப்பிடுறதுங்கிற குழப்பமே நமக்கு இல்ல, பெரியவர்னா 'பாக்', அம்மா வயசுன்னா 'பு', கடைப் பையன் 'மாஸ்', அக்கா மாதிரி இருந்தா 'ம்பாக்'. நாம அண்ணே, அக்கான்னு போற மாதிரியே போயிட்டே இருக்கலாம், நீ, நீங்கங்கிற பேச்சே எடுக்க வேணாம். காப்பால், கோலாம், பெத்தி எல்லாம் நம்ம கப்பல், குளம், பெட்டிதான்னு சிலிர்த்து ஃபார்வர்ட் பண்றவங்களும் இருக்காங்க. அது அஞ்சு நிமிஷ சந்தோஷம், அதை வச்சு ஆபீஸ் மீட்டிங்ல ஒண்ணும் பண்ண முடியாது.

இப்ப கடுப்புக்கு வரேன். சொல்லிக் கொடுக்குறது ஒரு மொழி, ஊர்ல பேசுறது வேற மொழி. நான் காசு கட்டின ஆப் (பேர் வேணாம்) "அப்பாக்கா அண்டா சுடா மாக்கான்?"னு கேக்கச் சொல்லிக் கொடுத்துச்சு, தாங்கள் உணவருந்திவிட்டீர்களாங்கிற ரேஞ்ச். ஆபீஸ்ல பக்கத்து சீட்டுக்காரன் கேக்குறது "உடா மாக்கான் பெலும்?". எனக்குத் தெரியாதுங்கிறதுக்கு 'சாயா திடாக் தாஹு'ன்னு மனப்பாடம் பண்ணி வச்சா, அவன் 'குவே ங்காக் தாவ்'ங்குறான். 'நான்'ங்கிற அந்த குவே ஹொக்கியன் சீனத்துல இருந்து வந்ததாம், ஆப்ல அப்படி ஒரு சொல்லே இல்ல. போதாக்குறைக்கு டோங், சிஹ், டே, கோக்னு வாக்கியத்துக்கு நடுவுலயும் கடைசியிலயும் சின்னச் சின்னதா ஒட்டுவாங்க, கோவமா கொஞ்சலான்னு அதை வச்சுத்தான் தெரியும், அதுக்கும் பாடம் கிடையாது. நான் கெத்தா உக்காந்திருந்த கித்தா, காமி விஷயம்? ஜகார்த்தாக்காரங்க பேச்சுல ரெண்டுக்குமே பாதி நேரம் கித்தாதான். அட போங்கப்பா!

எல்லாத்தையும் விட மோசம் சுருக்கம். எதைப் பாத்தாலும் வெட்டி ஒட்டுறது இந்த ஊருக்கு ஒரு வியாதி. 'அங்குத்தான் கோத்தா'ன்னா டவுன் வேன், அது அங்கோட். தேர்தல் 'பெமிலிஹான் உமும்', அது பெமிலு. ஜகார்த்தா, போகோர், டெப்போக், தங்கெராங், பெகாசி அஞ்சு ஊரையும் சேத்து ஜாபோடெடாபெக். இதெல்லாம் கூட முதல் எழுத்தை வச்சுக் கண்டுபிடிச்சுடலாம், ஏவுகணைக்கு 'பெலுரு கெண்டாலி'ங்கிறதுல ரெண்டு சொல்லோட வால் பக்கத்தை மட்டும் எடுத்து ஒட்டி 'ருடால்'னு வச்சிருக்கானுங்க, எவன்யா உக்காந்து யோசிச்சது? இளசுங்க அதுக்கு மேல, எந்திரிக்க சோம்பேறித்தனம்னா மாகெர், மனசு விட்டுப் புலம்புனா சூர்ஹாட், தினம் ஒண்ணு புதுசா முளைக்குது. ஆபீஸ் க்ரூப்புல வர்ற மெசேஜைப் படிக்கிறதுக்கு எனக்கு இன்னும் ஒரு ஆள் வேணும்.

தமிழன் நீ இதைச் சொல்லலாமாடான்னு கேப்பீங்க. நியாயம்தான். வெளியூர்க்காரங்க நம்ம பாடப்புத்தகத்தைப் படிச்சுட்டு மதுரையில இறங்கினா அவங்க கதியும் இதேதான். இங்க அதுக்கு ஒரு காரணமும் இருக்கு. ஜாவானீஸ் பேசுறவங்கதான் இங்க அதிகம், ஆனா 1928 அக்டோபர் 28 அன்னைக்கு இளைஞர்கள் எடுத்த உறுதிமொழியில ஜாவானீஸை விட்டுட்டு, துறைமுகங்கள்ல எல்லாருக்கும் பொதுவா ஓடிட்டிருந்த மலாய்க்கு இந்தோனேசிய மொழின்னு பேர் வச்சு ஏத்துக்கிட்டாங்க. எழுநூத்துச் சொச்சம் மொழி இருக்கிற நாடு, இன்னைக்கும் நிறைய பேருக்கு வீட்டுல ஒண்ணு, ஸ்கூல்ல இது. அதனால நீங்க தப்பாப் பேசினா யாரும் சிரிக்க மாட்டாங்க, அவங்கவங்களுக்கே ஒரு ஊர் வாடை இருக்கு. ரெண்டு வாக்கியம் பேசினா போதும், "வா, லஞ்சார் செகாலி!"ன்னு பாராட்டுதான், சரளமாப் பேசுறியேன்னு. அதுவும் ஒரு தொல்லை, பாராட்டுறானே தவிர ஒருத்தன் திருத்த மாட்டான், தப்பு அப்படியே ஊறிப் போயிடும்.

இந்த மொழிக்கு இப்ப மவுசு ஏறுறது உண்மைதான். 2023 நவம்பர்ல யுனெஸ்கோ பொது மாநாட்டோட 10-ஆவது அதிகாரப்பூர்வ மொழியாச்சு, ஐ.நா.வோட ஆறு, அப்புறம் ஹிந்தி, இத்தாலியன், போர்ச்சுகீஸ், அடுத்து இது. 2009-லயே 24-ஆம் நம்பர் சட்டத்துல இதைப் படிப்படியா சர்வதேச மொழியாக்கணும்னு எழுதி வச்சுட்டாங்க, அதே சட்டப்படி இங்கத்த கம்பெனியோட போடுற ஒப்பந்தமும் இந்தோனேசியன்ல இருக்கணும், அதனால என்னை மாதிரி ஆளுங்களுக்கு வேற வழியும் இல்ல. வெளிநாட்டுப் பசங்களைக் கூட்டிட்டு வந்து படிக்க வைக்கிற தர்மசிஸ்வா ஸ்காலர்ஷிப் 1974-ல இருந்து ஓடுது. கொரியாவுல ஹன்குக் யூனிவர்சிட்டியில 1964-லயே இதுக்கு டிபார்ட்மென்ட் இருக்கு, பக்கத்துலயே இருக்கிற ஆஸ்திரேலியாவுலதான் படிக்க ஆள் குறைஞ்சு சில யூனிவர்சிட்டியில இந்தப் பாடத்தையே மூடிட்டு இருக்காங்க, அது என்ன கணக்கோ.

வெளிநாட்டுக்காரங்களுக்கு இந்தோனேசியன் சொல்லித் தர்ற அரசாங்கத்தோட 'பிபா' பாடங்கள் ஆன்லைன்ல இலவசமாவே கிடைக்குது, ஏழு லெவல், நல்லா இருக்கு, உண்மையாவே நல்லா இருக்கு. காசு கட்டின ஆப்பை விட எவ்வளவோ மேல். ஆனா அதுலயும் எல்லாரும் இஸ்திரி போட்ட மாதிரிதான் பேசுறாங்க. இலக்கணம் வேணும்னா அதுல போங்க, குறிப்பா அந்த 'மெ' முன்னொட்டு. 'துலிஸ்' எழுது, 'மெனுலிஸ்' எழுதுறது, 'த' எங்க போச்சுன்னு தெரியாது, அகராதியில வேர்ச்சொல்லை வச்சுத்தான் தேடணும், அதனால சொல்லைத் தேடுறதுக்கு முன்னாடியே அது என்ன சொல்லுன்னு தெரிஞ்சிருக்கணும். ரெண்டு மாசமாம்!

அவனுக்கு என்ன பதில் போட்டேன்னா, வேணாம்டா, ப்ராஜெக்ட் ஆறு மாசம்னா இங்கிலீஷும் போன்ல ட்ரான்ஸ்லேட்டரும் போதும், ஈஸின்னு நம்பி இறங்காதன்னு. அஞ்சு நிமிஷம் கழிச்சு இன்னொண்ணும் போட்டேன்: கத்துக்கியே தீருவேன்னா சொல்லு, நான் போற டீச்சரம்மா நம்பர் தரேன், புத்தகத்தை மூடி வச்சுட்டு தெருப் பேச்சு சொல்லித் தருவாங்க. சனிக்கிழமை காலை ஸ்லாட்டை மட்டும் கேக்காத, அது என்னோடது.