அம்மாவின் முழங்காலும் ஆறுபடை வீடும்: எந்த டாக்டர், எந்தக் கோயில், எப்படி?

அம்மாவுக்கு 72 வயது. 18 வருஷமாகச் சர்க்கரை, அதன் பின்னாலேயே வந்து ஒட்டிக்கொண்ட பிரஷர், வலது முழங்காலில் தேய்மானம். போன வருஷம் பொங்கல் முடிந்த கையோடு, "ஆறுபடை வீட்டையும் ஒரு தடவை பாத்துட்டாப் போதும்டி, அப்புறம் ஒண்ணும் கேக்கமாட்டேன்" என்றார். கோவையில் இருக்கிற அண்ணன் அன்று ராத்திரியே டூர் பஸ் விளம்பரம் ஒன்றை வாட்ஸப்பில் தட்டிவிட்டார். மூன்று நாளில் ஆறு கோயில், காலை டிபன் இலவசம்.

சரி, போவதற்கு முன்னால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று நினைத்தபோதுதான் உறைத்தது, எங்களுக்கு 'எங்க டாக்டர்' என்று சொல்லிக்கொள்ள ஒருவர் இல்லை. சர்க்கரைக்கு ஒருவர், முழங்காலுக்கு ஒருவர், காய்ச்சல் சளிக்குத் தெருமுனையில் ஒருவர். அம்மாவை முழுசாகப் பார்க்கிறவர் யாருமில்லை. ஆகவே ஒரே கேள்வியை, அதாவது "அம்மா ஆறுபடை வீடு போகலாமா?" என்பதை, இரண்டு இடத்தில் கொண்டுபோய் வைத்துப் பார்த்தேன். குடும்ப டாக்டரைத் தேர்ந்தெடுக்க இதைவிட நல்ல பரீட்சை இல்லை என்று இப்போது தோன்றுகிறது.

முதலில் அண்ணன் சொன்ன பெரிய ஆஸ்பத்திரி. (மதுரையில் பைபாஸ் பக்கம் எத்தனையோ இருக்கின்றன, பெயர் வேண்டாம்.) பதிவு அட்டை, ரத்தம், சிறுநீர், இசிஜி, எக்கோ என்று வரிசையாக எல்லாம் முடித்து, மத்தியானம் எம்.டி. படித்த இளம் டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தோம். மரியாதையான பையன். ஆனால் அவர் கண் கம்ப்யூட்டரை விட்டு அம்மா பக்கம் திரும்பியது இரண்டு தடவைதான். "ரிப்போர்ட் எல்லாம் ஓகே, ஹீமோகுளோபின் 9.1, அது மட்டும் குறைவு, இரும்புச்சத்து மாத்திரை எழுதறேன், டிராவல் பண்ணலாம்." முடிந்தது. பஸ்ஸா காரா, படி எத்தனை, எந்த மாசம், ஒன்றும் கேட்கவில்லை. அதற்காக அவரைக் குறைசொல்லிவிடவும் முடியாது. அம்மா நாலு படி ஏறினால் மூச்சு வாங்குவதை 'வயசாச்சுல்ல' என்று நாங்கள் எல்லாரும் ஆறு மாசமாகத் தள்ளிக்கொண்டே வந்தோம், அது ரத்தசோகை என்று கண்டுபிடித்தது அந்த லேப்தான்.

அடுத்து தெருமுனை டாக்டர். சாயங்காலம் ஆறரையிலிருந்து ஒன்பதரை வரை, டோக்கன் கிடையாது, கம்பவுண்டர் அக்காவின் ஞாபகம்தான் டோக்கன். எம்.பி.பி.எஸ். மட்டும்தான், ஆனால் இந்தப் பக்கத்தில் கைராசிக்காரர் என்று பெயர். எனக்குக் கைராசியில் நம்பிக்கை இல்லை. ஊசி கேட்டால் போட்டுவிடுகிறவர் என்ற குறையும் எனக்கு உண்டு. அவர் செய்ததை மட்டும் சொல்கிறேன்.

"வீட்டுல இருக்கிற அத்தனை மாத்திரையையும் ஒரு பையில போட்டுக் கொண்டாங்க" என்றார். மஞ்சப்பையோடு போனோம். பையை மேஜைமேல் கவிழ்த்தார். அட்டை அட்டையாகப் பிரித்து, சீட்டாட்டத்தில் ஜோடி சேர்ப்பது போல இரண்டை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "ஏம்மா, இது ரெண்டும் ஒரே மருந்துதான், கம்பெனிதான் வேற. இதுல நீர் மாத்திரையும் சேர்ந்திருக்கு. ரெண்டையுமா போடுறீங்க?" ரெண்டையும்தான் போட்டுக்கொண்டிருந்தார். இரண்டும் பிரஷருக்கான டெல்மிசார்டான், எழுதியவர்கள் இரண்டு டாக்டர்கள். காலையில் எழுந்ததும் தலை சுற்றுகிறது என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்ததற்குக் காரணம் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் மேலேயே இருந்திருக்கிறது. முழங்காலுக்காக மெடிக்கல் ஷாப்பில் தானாக வாங்கிப் போடும் வலி மாத்திரையையும் தனியாக எடுத்து வைத்தார். சர்க்கரையும் பிரஷரும் இருக்கிற உடம்பில் அது சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும், இனிமேல் கேட்காமல் போடக்கூடாது.

அப்புறம் செருப்பைக் கழற்றச் சொன்னார். அம்மாவைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, மெல்லிய நைலான் இழை ஒன்றை உள்ளங்காலில் அங்கங்கே தொட்டு, "தெரியுதா? இங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். வலது காலில் கட்டைவிரலிலும் பக்கத்து விரலிலும் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கண்ணைத் திறந்து, "தொட்டீங்களா டாக்டர்?" என்றார்.

"கோயில்ல செருப்பில்லாம எவ்வளவு நேரம் நடப்பீங்க? எந்த நேரத்துல?" இதுதான் அவர் கேட்ட முதல் பயணக் கேள்வி. காலில் உணர்வு குறைந்தவர்கள் வெயில் காய்ந்த கல்தளத்தில் நடந்தால் கொப்பளம் வந்த பிறகுதான் தெரியும், ஆறுவதற்கு மாசக்கணக்காகும் என்றார். எனக்கு இந்த விஷயம் சுத்தமாகத் தெரியாது.

ஆக, எங்கள் தீர்ப்பு: குடும்ப டாக்டர் இவர்தான். வருஷத்துக்கு ஒரு தடவை லேப் வேலைக்கு மட்டும் பெரிய ஆஸ்பத்திரி, அந்த ஃபைல் இவர் மேஜைக்கு வந்தாக வேண்டும். அண்ணனுக்கு இதில் இன்னும் சம்மதமில்லை, "ராத்திரி ரெண்டு மணிக்கு நெஞ்சு வலின்னா அவர் கிளினிக் திறந்திருக்குமா?" என்கிறார். நியாயமான கேள்விதான். அதற்கு 108-ம் பெரிய ஆஸ்பத்திரியும். ராத்திரி இரண்டு மணிக்கு ஆகாமல் பார்த்துக்கொள்ளத்தான் இவர். அவர் ஊரில் இல்லாதபோது யாரிடம் போவது என்பதையும் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கிக்கொண்டேன். மாசாமாசம் மாத்திரை வாங்குகிற செலவு தாங்காது என்கிறவர்கள் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தை ஒதுக்க வேண்டாம், 2021-லிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. எதிர்வீட்டு ஆச்சிக்கு வருகிறது. போனில் பார்க்கிற டாக்டர்களை நான் சீரியஸாகவே எடுத்துக்கொள்ளவில்லை, உள்ளங்காலை வீடியோவில் எப்படித் தொட்டுப் பார்ப்பது?

இனி பயணம். டூர் பஸ், அறநிலையத்துறைப் பயணம், சொந்த ஏற்பாட்டில் கார் என்று மூன்று வழி இருந்தது. அறநிலையத்துறை 2024-லிருந்து மூத்தோரை ஆறுபடை வீட்டுக்கு இலவசமாக அழைத்துப்போகிறது. நல்ல ஏற்பாடு, ஆனால் வயது 60-லிருந்து 70 வரைதான். அம்மா இரண்டு வருஷம் லேட். டூர் பஸ் செலவில் மலிவு, பேச்சுத்துணையும் உண்டு, பாட்டும் பஜனையுமாகப் போகலாம். ஆனால் விடிகாலை நாலு மணிக்குக் கிளப்புவார்கள், சாப்பாடு பஸ் நிற்கும்போதுதான், பாத்ரூமும் அப்படியே. அம்மா போடுகிற சர்க்கரை மாத்திரையில் கிளிமிபிரைடு இருக்கிறது. மெட்ஃபார்மின் மட்டும் என்றால் அவ்வளவு பயமில்லை, இது அப்படி இல்லை, மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பாடு தள்ளிப்போனால் வரிசையில் நிற்கும்போதே சர்க்கரை கடகடவென்று இறங்கிவிடும். டாக்டர் சொன்னது இதுதான்: வியர்த்து, கை நடுங்கினால் குத்திப் பாருங்கள், 70-க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ், கால்மணி நேரம் கழித்து மறுபடி குத்திப் பாருங்கள். 'தரிசனம் முடிச்சுட்டுத்தான் பச்சத்தண்ணி குடிப்பேன்' என்கிற விரதம் இந்த மாத்திரையோடு சேராது. இதை அம்மாவை ஒப்புக்கொள்ள வைக்க நானும் டாக்டரும் சேர்ந்து பேச வேண்டியிருந்தது.

அதனால் காரில், துண்டு துண்டாக. மூன்று நாளில் ஆறு என்பதை ஒரு வருஷத்தில் ஆறு என்று ஆக்கிக்கொண்டோம். எல்லாக் கோயிலையும் முழங்கால் கணக்கில் பார்த்தேன், அதில் வந்த வரிசை புராண வரிசை இல்லை.

திருப்பரங்குன்றம் பக்கத்திலேயே இருக்கிறது, அடிவாரக் கோயில், சுலபம் என்று நினைத்துப் போனால் ஏமாந்துபோவீர்கள். அது குடைவரை. மண்டபம் மண்டபமாக மேலேறிக்கொண்டே போய்த்தான் மூலஸ்தானம். உயரமான கல்படிகள், பிடித்துக்கொள்ள எல்லா இடத்திலும் கம்பி இல்லை. அம்மா என் தோளைப் பிடித்த பிடியில் ரெண்டு நாள் தோள் வலி. பழமுதிர்சோலை நேர்மாறு. மலைமேல் இருந்தாலும் அழகர்கோவிலிலிருந்து வண்டி மேலே போய்விடுகிறது, ஏறுகிற வேலை குறைவு, மரநிழல் வேறு. குரங்கிடம் பை பத்திரம், அதில் மாத்திரை இருந்தால் இன்னும் பத்திரம்.

திருச்செந்தூர் ஒன்றுதான் கடலோரம், மலையே இல்லை. காலுக்கு நல்லது, ஆனால் வரிசைக்கு எந்த முழங்காலும் தாங்காது. சஷ்டி, கிருத்திகை, சனி ஞாயிறு எல்லாம் விட்டு ஒரு புதன்கிழமை விடிகாலை போனோம். நாழிக்கிணறு மட்டும் கீழே இறங்க வேண்டும், அம்மாவை மேலேயே உட்கார வைத்துவிட்டுத் தண்ணீரைக் கொண்டுவந்து தலையில் தெளித்தேன்.

சுவாமிமலையை நாங்கள் மிகச் சாதாரணமாக எடைபோட்டுவிட்டோம். கட்டுமலைதானே, 60 படிதானே, தமிழ் வருஷத்துக்கு ஒரு படி, பிரபவ தொடங்கி அட்சய வரை. பழனியோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை என்று தோன்றும். ஆனால் பழனியில் ஏறாமலே மேலே போக வழி இருக்கிறது, நாங்கள் போனபோது சுவாமிமலையில் 60-ஐயும் காலால்தான் ஏறினோம். மின்தூக்கி வருகிறது என்று பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது, நீங்கள் கிளம்புமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். பத்துப் படிக்கு ஒருதரம் நின்று, அம்மா வருஷத்தின் பேரைச் சொல்லிச் சொல்லி ஏறினார். தான் பிறந்த வருஷத்துப் படி வந்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டார், பின்னால் வந்தவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். இறங்குவதுதான் ஏறுவதைவிடக் கஷ்டம், தேய்ந்த மூட்டில் இறங்கும்போதுதான் உயிர் போகிறது. கைத்தடி எடுத்துப் போங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

பழனிதான் அம்மா அதிகம் பயந்தது, கடைசியில் அதுதான் அவருக்குச் சுகமாக இருந்தது. படி 690-ஐ ஒட்டி. யானைப்பாதை சரிவு குறைவு, ஆனால் நடை நடைதான். 1966-லிருந்து வின்ச் (தண்டவாளத்தில் கம்பிவடம் கட்டி இழுக்கிற பெட்டி), 2004-லிருந்து ரோப் கார். இரண்டில் எது? ரோப் கார் சில நிமிஷத்தில் மேலே விட்டுவிடும், பெட்டி சின்னது, காற்று பலமாக அடித்தால் நிறுத்திவிடுவார்கள், வருஷத்துக்கு ஒரு தடவை பராமரிப்புக்கென்று நீண்ட நாள் மூடிவிடுவார்கள். அதை நம்பிக் கிளம்பினால் கீழே நின்று மலையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். வின்ச் மெதுவானது, ஆனால் காற்றுக்கு அசையாது. தலைசுற்றல் உள்ள அம்மாவுக்கு வின்ச். கிரிவீதியில் சொந்த வண்டி விடுவதில்லை, கோயில் வண்டிதான். மேலே செல்போன் எடுத்துப்போகக் கூடாது, ஆகவே டாக்டர் நம்பரைக் காகிதத்தில் எழுதி அம்மாவின் சுருக்குப்பையில் வைத்தேன். பருத்தி சாக்ஸ் போட்டு நடந்தார், யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஏறவே முடியாத பெற்றோர் உள்ளவர்களுக்கு ஒன்று. திருமுருகாற்றுப்படையில் நக்கீரர் மூன்றாம் படைவீடாகச் சொல்வது திருவாவினன்குடி, அது அடிவாரத்தில் இருக்கிற கோயில். அங்கே கும்பிட்டாலே கணக்குத் தீர்ந்தது என்று நான் அம்மாவிடம் எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். "நக்கீரர் சொல்லிட்டுப் போகட்டும், ஆண்டி மேலதானே நிக்கிறாரு" என்று பதில் வந்தது. பஞ்சாமிர்தம் விஷயத்தில் மட்டும் டாக்டரின் பேச்சு எடுபட்டது, ஒரு விரல் நுனி, அதற்கு மேல் இல்லை. டப்பா முழுக்க எனக்கு.

திருத்தணி பாக்கி. 365 படி, ஆனால் கார் மேலே வரைக்கும் போகும், அதனால் கால் பிரச்சினையில்லை. பிரச்சினை தூரம். மதுரையிலிருந்து 450 கிலோமீட்டருக்கு மேல் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் பாதம் வீங்கிவிடும், வழியில் விழுப்புரம் பக்கம் ஒரு ராத்திரி தங்கிவிட்டுப் போகலாம் என்பது என் திட்டம். அம்மா ஆடிக்கிருத்திகைக்குத்தான் போகணும் என்கிறார். அன்றைக்கு அந்த மலையில் காவடியும் கூட்டமுமாகக் கால்வைக்க இடமிருக்காது என்று நான் சொல்கிறேன். நேற்றுச் சாயங்காலம் மஞ்சப்பையை எடுத்துக்கொண்டு தனியாகவே கிளினிக்குக்குப் போய்வந்தார். என்ன சொன்னார் டாக்டர் என்று கேட்டேன். "அவரும் வர்றேங்கிறாரு" என்றார்.